நாலு கோடு

"மாமா, போன்ல சிக்னல் எத்தனை கோடு வருது?" மொட்டைமாடியிலிருந்து மைத்துனன் கத்தினான்.

"ஒண்ணுகூட வரலடா! தண்டச் செலவு. எல்லாத்தையும் கழட்டிட்டு இறங்கு!" என்று தையல்காரர் கீழேயிருந்து பதிலுக்குக் கத்தினார்.

மைத்துனன் நம்புகிற ஆள் இல்லை. ஆன்டெனாவும் பூஸ்டர் பெட்டியும் அவனே அலைந்து திரிந்து வாங்கி வந்தவை. இறங்கி வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தான். நாலு கோடும் பளிச்சென்று நின்றன.

"என்ன மாமா, ஊசில நூல் கோக்குற கண்ணுக்கு நாலு கோடு தெரியலையா?"

"கண்ணாடி போடலடா."

"அது உங்க நெத்திலதான் இருக்கு!"

மனிதருக்கு மறதி அப்படி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுவார். மாடியில் மகனோடு பேசிவிட்டு வந்து போனைத் தேடுவார். அது மனைவியின் தலையணைக்கு அடியில் கிடக்கும்.

அதுவரை வீட்டுக்குள் மருந்துக்குக்கூட சிக்னல் கிடையாது. மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்த நாளிலிருந்து, சாயங்காலமானால் தையல்காரர் மட்டும் மாடியேறுவார். இறங்கி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து, வெளிநாட்டிலிருக்கும் மகனின் சேதிகளைச் சொல்வார். பேத்திக்குப் பல் முளைத்தது, அவன் புது வீட்டுக்குக் குடிபோனது எல்லாம் அப்படித்தான் அவளுக்குத் தெரியும். அந்தச் சேதிகளில்தான் அவள் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இனிமே அக்காவே படுத்துக்கிட்டு அவன்கூடப் பேசலாம். இப்பவே போடுறேன்," என்றான் மைத்துனன்.

"அவன் வேலையில இருப்பான்டா. அப்புறம் பாத்துக்கலாம்."

"அம்மா குரல கேட்டா வேலையா பெருசு?"

நம்பரைத் தட்டி அக்காவின் காதில் வைத்தான். தையல்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போனிலிருந்து கசிந்த பெண் குரல் அவருக்கும் கேட்டது. மகன் கோபித்துக்கொண்டு நம்பரை மாற்றியதிலிருந்து அவர் கேட்டுச் சலித்த குரல்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லையாம். குட்டு உடைந்துவிட்டது, இனி இவள் தேறமாட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

மனைவி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சொல்லுப்பா... சாப்பிட்டியா? பாப்பா தூங்குறாளா? ம்... நல்லா கேக்குதுப்பா."

மைத்துனனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மிச்ச ஒயரைச் சுருட்டிக்கொண்டு, ஏணியை எடுக்க மாடிக்கு ஓடினான்.

அவள் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் செருகினாள். கணவரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"சாயங்காலம் எப்பவும்போல மாடிக்கே போய்ப் பேசிட்டு வாங்க. போன் இங்கயே இருக்கட்டும்."