துணியில் தங்கியவளும் வடிந்தவளும்

இருவரும் ஒரே பாலில் பிறந்தவர்கள்தாம். எலுமிச்சை பிழிந்து பாலைத் திரித்து வடிகட்டியபோது, துணியில் தங்கிய பனீர் அக்கா ஆனாள். வாளியில் வடிந்த தண்ணீர் தங்கச்சி ஆனாள். இதில் உயர்வும் தாழ்வும் எங்கிருந்து வந்தன, சொல்லுங்கள்?

பால்பண்ணைக்குப் புதிதாக வந்த நொதி (என்சைம்) பனீரிடம் கேட்டது: "சாக்கடைக்குப் போகப்போறாளே, அவ உனக்கு யாரு?"

"யாருன்னே தெரியாது."

வாளிக்குள் தங்கச்சி கூனிக் குறுகினாள்.

நொதி வாளிக்குள் அவளிடமே குதித்தது. "அழாதேடி. உனக்குள்ள பால்சர்க்கரை இருக்கு. நான் உடைச்சுவிட்டா இன்னும் தித்திக்கும்."

சொன்னபடியே உடைத்தது. பிறகு சுண்டக் காய்ச்சியதும் அவள் பாகானாள்.

மறுநாள் பனீரைப் பிசைந்து, உருட்டி, வேகவைத்தார்கள். ரசகுல்லா ஆகப்போகிற பெருமையில் அவள் பாகுப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே தங்கச்சி!

"வேற பாகு இல்லையா?" என்று முனகினாள். இல்லை. பாகில் ஊறாத உருண்டையை யார் தொடுவார்கள்?

'யாருன்னே தெரியாது' என்று சொல்ல இப்போது தங்கச்சிக்கும் வாய் இருந்தது. ஆனால் அவள் எல்லார் காதிலும் விழும்படி, "வாக்கா, இறங்கு" என்றாள்.

பனீர் தலைகுனிந்து இறங்கினாள். உள்ளே ஊறிய ஒவ்வொரு துளித் தித்திப்பும் அவளுக்குக் கூசியது.