மாடி அறைக்குப் போன பெட்டிகள்

“போன வாரம் வச்ச பெட்டியை எடுத்துக்கிட்டானா?”

மிசோ சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தபடி கியோஹரு கேட்டார்.

“வாசல்ல இல்ல. உள்ள போயிடுச்சு,” என்றாள் மனைவி நோபுகோ, அடுப்பைப் பார்த்தபடியே.

“ஏதாவது சொன்னானா?”

“என்ன சொல்வான்?”

“சாப்பாடு?”

“தட்டு காலி.”

கியோஹருவுக்கு அது போதுமாக இருந்தது. வேலைக்குக் கிளம்புமுன் மாடிப்படியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மகன் அகிதோவின் அறைக் கதவு வழக்கம்போல மூடியிருந்தது.

எல்லாம் போன வருஷம் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. பார்த்த வேலையை உதறிவிட்டு, ஒரு கடையில் பகுதிநேரமாக நின்றுகொண்டிருந்தான் அகிதோ. கையில் வந்த பணத்தையெல்லாம் ‘உப்புக் கோபுரம்’ என்ற அனிமே தொடரின் லிமிடெட் எடிஷன் ப்ளூ-ரே வட்டுப் பெட்டிகள் வாங்குவதில் போட்டான். படம் வரைந்த அட்டை, சிறு புத்தகம், பிரிக்காத உறை என்று ஒவ்வொன்றையும் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல எடுத்துக் கூடத்து அலமாரியில் அடுக்கினான்.

“இந்த வயசுல பொம்மைப் படம் கேக்குதா உனக்கு?” என்று கத்திய கியோஹரு, ஒரு நாள் அத்தனையையும் மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டிக்குப் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வந்து காலி அலமாரியைப் பார்த்த அகிதோ நேராக மாடிக்கு ஏறினான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

“இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருக்கானா?” என்று மறுநாள் கேட்டார்.

“கதவு மூடித்தான் இருக்கு,” என்றாள் நோபுகோ.

பசித்தால் தானாக இறங்கி வருவான் என்று நினைத்தார். வரவில்லை. அவரோ விடியும்போதே தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் படுத்துத் தூங்குகிறவர். மகன் அடைந்துகிடப்பது முதலில் கோபத்தைத் தந்தது. அப்புறம் யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. கூட வேலை செய்யும் ஒருவர், தன் மகன் இப்படித்தான் அறைக்குள் போனான், தலை நரைத்தும் வெளியே வரவில்லை என்று சொன்ன அன்று பயம் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஒசாகாவின் நிப்பொன்பாஷித் தெருவில் பழைய பொருள் கடைகளாக ஏறி இறங்கினார். அந்தப் பெட்டிகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. கிடைத்ததை ஒவ்வொன்றாக வாங்கி வந்து, கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் திருடன் மாதிரி இறங்கிவிடுவார். தட்டத் துணிந்ததில்லை.

மனைவியிடம் பெட்டியைப் பற்றிக் கேட்ட அன்று, வேலை முடிந்து வழக்கமான கடைக்குள் நுழைந்ததுமே கடைக்காரர் தொகுரா எழுந்தார்.

“வாங்க சார். உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். கடைசிப் பாகம், முதல் பதிப்பு. மேல சுத்தின காகிதப் பட்டைகூடக் கசங்கல.”

கியோஹரு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“ஒரு சிக்கல். இது மட்டும் ரெண்டு விதமா வந்துச்சு, ரெண்டும் எங்கிட்ட இருக்கு. ஒண்ணோட அட்டையில நீலமுடிப் பொண்ணு, இன்னொண்ணுல கிழட்டுக் காவல்காரன். பையனுக்கு யாரைப் பிடிக்கும்?”

கியோஹரு கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பையன் பேரைச் சொல்லி நீங்களே பாக்குறீங்களோன்னு சந்தேகமா இருந்துச்சு. இப்பத் தீந்துச்சு,” என்று சிரித்தார் தொகுரா. “யாரு யாருன்னே தெரியாம பதினோரு பெட்டி வாங்கியிருக்கீங்களே.”

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டார்.

“அகிதோவுக்கு நீலமுடிப் பொண்ணப் பிடிக்குமா, காவல்காரனப் பிடிக்குமா?”

மறுமுனையில் நோபுகோ அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

“என்னை ஏன் கேக்குறீங்க? அவனைக் கேளுங்க.”

“அவன் எங்க பேசுறான்?”

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

போன் வைக்கப்பட்டது. கியோஹரு இரண்டையும் வாங்கினார்.

வீட்டில் நோபுகோ அந்தப் பையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். “இன்னைக்காவது கதவைத் தட்டுங்க,” என்றாள்.

மேலே போய்க் கதவின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். விரல் முட்டியால் மெல்லத் தட்டினார்.

“அகிதோ, அப்பா வந்திருக்கேன். கடைசிப் பெட்டி கெடச்சிடுச்சுப்பா. உனக்கு எது பிடிக்கும்னு தெரியல, ரெண்டையும் வாங்கிட்டேன்.”

உள்ளே சத்தமில்லை.

“நான் செஞ்சது தப்பு. அது உன் பொருள். அதைத் தொட எனக்கு என்ன உரிமை? அன்னைக்கு அந்த வண்டி பின்னாடி ஓடியாவது வாங்கிட்டு வந்திருக்கணும். வீம்பு பிடிச்சு நின்னுட்டேன். திட்டணும்னா திட்டுடா. ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டு.”

நெற்றி தரையில் படக் குனிந்தார். அப்படியே காத்திருந்தார். கால் மரத்துப்போன பிறகுதான் நிமிர்ந்து கைப்பிடியைத் தொட்டார். கதவு தாழிட்டிருக்கவில்லை; தொட்டதும் திறந்துகொண்டது.

மெத்தை சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. வெறும் மேசைமேல் பதினோரு பெட்டிகளும் உறை பிரிக்காமல் கிடந்தன. வேறு எதுவும் இல்லை.

படியில் நின்றிருந்த நோபுகோ மேலே வரவில்லை.

“நீங்க அவனோட பெட்டியெல்லாம் தூக்கிப் போட்ட அன்னைக்கு ராத்திரியே அவன் கிளம்பிட்டான்,” என்றாள். “இந்த வீட்டுல அவன் இல்லைங்கிறது உங்களுக்கு எப்பத்தான் தெரிய வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”