கூப்பிட்டால் ஆடும் வால்

கொசு கொண்டுவந்து விட்ட புழுக்கள் ஒரு நாயின் இதயத்தில் நூல் நூலாகக் குடியேறியிருந்தன. அவை போட்ட குட்டிகள் ரத்தத்தோடு இறங்கிவந்து சிறுநீரகத்தின் சல்லடையைப் பிய்த்தன.

பயந்துபோன சிறுநீரகம், வீட்டுக்காரம்மா கண்ணில் படட்டும் என்று காலையில் சிறுநீரைச் சிவப்பாக அனுப்பியது. பின்னங்கால்கள் பழக்கதோஷத்தில் மண்ணை வாரி அதன்மேல் இறைத்துவிட்டன.

கடைசியில் சிறுநீரகம் வாலிடம் கெஞ்சியது. "அண்ணே, இன்னைக்குத் தடுப்பூசி போட டாக்டர்கிட்ட போறோம். அங்கேயாவது ஆடாம தொங்கிக் கிடங்க. நீங்க ஆடுனா என்னை யாரும் பார்க்க மாட்டாங்க."

"அசையவே மாட்டேன்ப்பா" என்றது வால். அதற்கும் பயம்தான்.

டாக்டர் நாயைத் தடவிப் பார்த்தார். "இளைச்ச மாதிரி இருக்கே. ரத்தம் எடுத்துப் பார்த்துடலாமா?"

வீட்டுக்காரம்மா குனிந்து, "டேய் சிங்கம், உனக்கு என்னடா?" என்றார்.

பெயரைக் கேட்டதும் வால் தன்னை மறந்து சுழன்று சுழன்று ஆடியது.

"பாருங்க டாக்டர், என்னமா ஆட்டுறான்! இவனுக்கு ஒண்ணுமில்ல."

டாக்டர் சிரித்தபடி தடுப்பூசியை மட்டும் போட்டு அனுப்பினார்.

"மன்னிச்சுடுப்பா, கூப்பிட்டுட்டாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது வால். உள்ளே சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது.

வாசலில் வீட்டுக்காரம்மா மறுபடியும், "சிங்கம்!" என்றார்.

நடுங்கிக்கொண்டே ஆடியது வால்.