சாம்பல் கை

கடலோர ஊர்க் கல்லூரியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தும், "மொதல்ல கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டதால், பூவிழி மூன்று நாளாகச் சோற்றைத் தொடவில்லை. ஆற்றில் பிடித்த விலாங்கு மீனை, பிடி வழுக்காமலிருக்கக் கையில் சாம்பல் பூசிக்கொண்டு அம்மா அறுத்தாள்.

"என்னடி, குடலு நூலாட்டம் கெடக்கு? சீக்கா?"

"இல்லம்மா. கடலுக்குக் கெளம்புற விலாங்கு தின்னாது. கண்ணு பெருசாவும். உப்புத்தண்ணி குடிச்சுப் பொழைக்க ஒடம்பே மாறும்."

"அதுக்குள்ள ஆத்துலயே மாட்டிக்கிச்சே, பாவம்."

"பாவமா? அறுத்தது நீதானே?"

அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிர்ந்தாள். மகளின் ஒட்டிய முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. சட்டென்று எட்டி, அதே சாம்பல் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பூவிழி இழுத்துப் பார்த்தாள். வழுக்கவில்லை.