பெயிலான வக்கீல்

கலைக்களஞ்சியத்தில் அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் குறிப்புகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு முன்னாள் அமைச்சர் 'சட்டப் பட்டதாரி' என்றிருந்ததைக் கல்லூரியில் விசாரித்து, 'படிப்பை முடிக்கவில்லை' என்று திருத்தினாள்.

அமைச்சரே நேரில் வந்தார். "பழையபடியே இருக்கட்டும்மா. ஓட்டுக்காகக் கேக்கல. பாஸ் பண்ணிட்டேன்னு எங்கம்மாவை நம்ப வச்சிருக்கேன்."

"பொய்யை அச்சடிக்க முடியாது, சார்" என்று கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

புத்தகம் வெளிவந்தபின் அவருடைய அம்மா போன் செய்தார்.

"அவன் பெயிலுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா. காட்டிக்கல. இப்ப புத்தகம் வந்ததுலேருந்து, என் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுப் பக்கமே வர மாட்டேங்கறான்."

அவளுக்கு மனசு குறுகுறுத்தது. உடனே அமைச்சரை அழைத்தாள்.

"உங்கம்மா இன்னும் அந்தப் புத்தகத்தைப் பாக்கல, சார். நானே நல்லா சரிபார்த்துட்டேன்."