பூஜை நேரத்து இதயம்

"பட்டாபி சாரே, நாள் முழுக்க நெஞ்சில் கட்டியிருந்த மெஷின் காட்டுறது இது" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி, டாக்டர் ரெம்யா நீளமான காகிதத்தை மேஜையில் விரித்தார். "மற்ற நேரமெல்லாம் உங்க ஹார்ட் மோசம். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அற்புதம்! அப்போ என்ன செய்தீங்க?"

"பூஜை" என்றார் ஸ்ரீவராகத்துப் பட்டாபி, தயங்கியபடி.

"நினைச்சேன்! இருதய நோய்க்குப் பூஜைதான் மருந்துன்னு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதிட்டேன். வார்டில் எல்லாருக்கும் கொடுக்க, சாலைக் கடைத்தெருவில் பூஜை மணிக்கு ஆர்டரும் கொடுத்தாச்சு கேட்டோ!"

பட்டாபி நெளிந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி லலிதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"தோல் பையில இருக்கற மெஷினைக் கட்டிண்டு மடியா பூஜை பண்ண முடியுமா, டாக்டர்? கழட்டிட்டார். ஆனா மெஷின் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கப்படாதுன்னேளே! அதான் ஒயரையெல்லாம் எடுத்துக் காமு நெஞ்சுல ஒட்டினேன். தோல் அவளுக்குத் தீட்டு இல்லையோன்னோ?"

டாக்டரின் முகம் வெளிறியது. மறுகணமே மலர்ந்தது.

"அப்போ அது காமுவோட ஹார்ட்டா? இப்படியொரு ஹார்ட்டை நான் பார்த்ததே இல்லை! அவங்களை ஆராய்ச்சியில் சேர்த்தே ஆகணும். என்ன சாப்பிடுவாங்க?" பேனாவைத் திறந்தார்.

"பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும்தான்" என்றாள் லலிதாம்பாள். "நாளைக்கே ஓட்டிண்டு வரேன். ஆனா, உங்க ஆஸ்பத்திரி லிப்டுக்குள்ள கொம்பு இடிக்காதோ?"