கேட்காத காதுக்கு ஆதாரம்

முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், ஒரு காலத்தில் படையில் தொலைதூரக் குறி பார்த்துச் சுட்ட பெரியவர் குமாஸ்தாவின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுட்டால் தோட்டா போய்ச்சேர ஒன்றரை விநாடியாவது ஆகும். அதற்குள் காற்று அதை ஒதுக்கிவிடும். அதனால் காற்று அடங்கும்வரை நாள் முழுக்கக் கல்லாய்க் கிடந்து பழகியவர். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தில் போன காதுக்குக் கருவி கேட்டு வந்திருக்கிறார். "பெரியவரே, நாளைக்கு வாங்க!" குமாஸ்தா ஏழாவது தடவையாகக் கத்துகிறார். பெரியவர் அசையவில்லை, இமைக்கவுமில்லை. குமாஸ்தாவுக்கு வியர்க்கிறது. "என்னம்மா இப்படிப் பாக்கறாரு? காது கேக்கலேங்கறதுக்கு ஆதாரம் எங்க?" என்று பக்கத்திலிருக்கும் பெரியவரின் மனைவியிடம் பாய்கிறார். "இவ்ளோ நேரம் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினீங்களே சார், அதையே எழுதிக்குங்க." பதில் சொல்ல குமாஸ்தா வாயைத் திறக்கிறார், குரல் வரவில்லை. முத்திரையை எடுத்து விண்ணப்பத்தில் குத்துகிறார்.